இரண்டாவது நாற்காலி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நீண்ட காலம் ஒரு விதி இருந்தது. ஆட்டம் நடக்கும்போது மைதான ஓரத்தில் நின்றுகொண்டு கத்தவும் கையை வீசவும் தலைமைப் பயிற்சியாளர் ஒருவருக்குத்தான் உரிமை. உதவிப் பயிற்சியாளர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல கோல் விழுந்தால் எழுந்து கைதட்டலாம். உடனே உட்கார்ந்துவிட வேண்டும். டெலிவிஷன் காமிராவும் ஏறக்குறைய இதே விதியைத்தான் அனுசரிக்கிறது. நிற்பவரின் முகத்தை அங்குலம் அங்குலமாகக் காட்டும். உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

நியெல் ஐவி அந்த நாற்காலியில் 12 வருடங்கள் உட்கார்ந்திருந்தார். 2007 முதல் 2019 வரை, இண்டியானா மாநிலத்தில் உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளராக. அந்தக் காலத்தில் அணி ஏழு தடவை தேசியப் போட்டியின் அரையிறுதிக்குப் போனது. ஆறு தடவை இறுதி ஆட்டம் ஆடியது. ஒரு தடவை கோப்பையை வென்றது. புகழ் எல்லாம் தலைமைப் பயிற்சியாளர் மஃபெட் மெக்ராவுக்கு. அதில் தவறில்லை; தோற்றிருந்தால் திட்டும் அவருக்குத்தான் விழுந்திருக்கும்.

ஆனால் பெண்கள் விளையாட்டின் எதிர்காலம் யார் கையில் என்ற கேள்விக்கு விடை தேடுபவர்கள் நிற்பவரைப் பார்ப்பதைவிட உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பது உசிதம். காரணம், நாளை நிற்கப் போகிறவர் இன்று அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். அங்கே ஒரு பெண் இல்லாவிட்டால் நாளை நிற்பதும் பெண்ணாக இருக்காது.

ஐவி 1977இல் மிஸூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். பந்தைக் கொண்டுவந்து யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்குப் பந்து போக வேண்டும் என்று முடிவு செய்யும் ‘பாயின்ட் கார்ட்’ ஆட்டக்காரர். நோட்டர் டேமில் படிக்கும்போது இரண்டு தடவை முழங்கால் தசைநார் கிழிந்தது. இந்தக் காயம் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வருடத்தைத் தின்றுவிடும். இரண்டாவது தடவை கிழிந்தால் பலர் விளையாட்டையே விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை. 2001 ஏப்ரல் 1 அன்று, பிறந்த ஊரான செயின்ட் லூயிஸிலேயே நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தை 68-66 என்று தோற்கடித்த அணியில் அவர் இருந்தார். நோட்டர் டேம் பெண்களுக்கு அதுதான் முதல் கோப்பை. ஆட்டம் முடிய ஆறு வினாடிகூட இல்லாதபோது இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு ஜெயிக்க வைத்தவர் ரூத் ரைலி. ஆகவே அன்றைக்கும் தலைப்புச் செய்தி ஐவி அல்ல.

அந்த வருடமே பெண்களுக்கான தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் இண்டியானா ஃபீவர் அணி அவரை 19ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2002 பிப்ரவரியில் மகன் பிறந்தான். ஃபீவர், டெட்ராய்ட் ஷாக், ஃபீனிக்ஸ் மெர்க்குரி என்று மூன்று அணிகளில் ஆடிவிட்டு 2005இல் தொழில்முறை ஆட்டத்தை முடித்துக்கொண்டார். வயது 28.

இருபத்தெட்டு வயதில், கையில் ஒரு குழந்தையோடு, கூடைப்பந்தைத் தவிர வேறு தொழில் பழகாத ஒரு பெண் என்ன செய்வார்?

நம் நாட்டில் இதற்கு ஒரு விடை தயாராக இருக்கிறது: ரயில்வே. பெண்கள் கூடைப்பந்து தேசியப் போட்டிகளில் ரயில்வே அணி ஆண்டுக்கணக்கில் ஆதிக்கம் செலுத்தியதற்குக் காரணம் தண்டவாளத்தின் மகிமை அல்ல, மாதச் சம்பளத்தின் மகிமை. 2011இல் அமெரிக்கா போய் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வில் கலந்துகொண்ட கேரளத்தின் கீது அன்னா ஜோஸும் தென்னக ரயில்வே ஊழியர்தான். ஆடும் நாளில் விளையாட்டு வீராங்கனை, ஆட்டம் முடிந்தபின் அலுவலகம், வயது வந்தால் பென்ஷன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆடிக் கற்றதை அடுத்தவருக்குச் சொல்லித்தரும் வேலை அதில் கட்டாயம் அல்ல. பலருடைய அனுபவம் கோப்புகளுக்கு இடையில் நசுங்கிப் போகிறது.

அமெரிக்காவில் ரயில்வே கிடையாது. கல்லூரிகள்தான் ரயில்வே. கணக்கைப் பாருங்கள். டபிள்யூ.என்.பி.ஏ. 1997இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. ஐவி சேர்ந்த 2001இல் 16 அணிகள். பிறகு ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. முதல் நான்கு வருடமும் கோப்பையை வென்ற ஹூஸ்டன் காமெட்ஸே 2008இல் மூடப்பட்டது என்றால் மற்றவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2010 முதல் 2024 வரை 12 அணிகள்தான். ஓர் அணிக்கு 12 பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் நாடு முழுக்க 144 இடம். கல்லூரிகளிலோ முதல் பிரிவில் மட்டும் 350க்கும் அதிகமான பெண்கள் அணிகள் இருக்கின்றன. ஓர் அணிக்கு நீண்ட காலம் மூன்று உதவிப் பயிற்சியாளர்கள் என்பது வரம்பு (2023 முதல் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்). ஆக ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாற்காலிகள். ஆடி முடித்த பெண்ணுக்கு, தான் கற்றதை வைத்தே பிழைக்க இதைவிடப் பெரிய கதவு அந்நாட்டில் கிடையாது.

அந்தக் கதவும் தானாகத் திறக்காது. ஐவி முதலில் சேர்ந்தது ஓஹையோ மாநிலம் சின்சினாட்டியின் சேவியர் பல்கலைக்கழகத்தில். நிர்வாக உதவியாளர் என்ற பதவி. தேசியக் கோப்பை வென்றவர், தொழில்முறை லீகில் ஆடியவர், அணியின் எழுத்து வேலைக்கு நெருக்கமான இடத்தில் இரண்டு வருடங்கள். 2007இல்தான் நோட்டர் டேமில் இடம் காலியானது.

காலி செய்தவரின் கதை தனியாகவே ஒரு பத்திக்குத் தாங்கும். பெயர் கோக்வீஸ் வாஷிங்டன். நோட்டர் டேமில் ஆடியவர், அங்கேயே 1997இல் சட்டப் பட்டம் வாங்கியவர். டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் சங்கம் அமைத்தபோது அதன் முதல் தலைவர். முதலாளிகளிடம் பேரம் பேச ஒரு வக்கீல் தேவைப்பட்டபோது, ஆட்டக்காரர்களுக்குள்ளேயே ஒரு வக்கீல் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். 1999இல் அவர் நோட்டர் டேமின் உதவிப் பயிற்சியாளர் ஆனார். ஆனால் ஆடுவதையும் விடவில்லை. தொழில்முறை லீக் கோடைகாலத்தில் நடக்கிறது. கல்லூரிப் பருவம் குளிர்காலத்தில். குளிர்காலத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவார், கோடையில் போய் ஆடுவார். 2000இல் ஹூஸ்டனின் நான்காவது கோப்பை அணியில் அவரும் இருந்தார். 2001இல் ஐவி கல்லூரிக் கோப்பையை வென்றபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர்களில் ஒருவர் இவர். சிறிது காலத்திலேயே இருவரும் இண்டியானா ஃபீவரில் ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஆடினார்கள். குளிர்காலத்து வாத்தியார், கோடைகாலத்துத் தோழி! 2007இல் வாஷிங்டன் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகப் போக, அந்த நாற்காலிக்கு ஐவி வந்தார்.

உதவிப் பயிற்சியாளருக்கு அப்படி என்ன வேலை என்று கேட்கலாம். தண்ணீர் பாட்டிலும் டவலும் கொடுப்பவர் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு மாணவர்கள் இருக்கிறார்கள்.

முதல் வேலை ஆள் பிடிப்பது. பள்ளிப் பெண்கள் ஆடும் கோடைகாலப் போட்டிகளுக்கு ஊர் ஊராகப் போக வேண்டும். ஒரே கூரையின் கீழ் பல மைதானங்கள், காலையிலிருந்து இரவு வரை ஆட்டம். கல்லூரியின் பெயர் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆடும் பெண்ணின் கண்ணில் படும் இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். பேசக்கூடாது. பார்வையிட மட்டும் அனுமதிக்கப்பட்ட நாட்களில் பெண்ணிடமோ பெற்றோரிடமோ நேரில் பேச்சுக் கொடுப்பது விதிமீறல். எனவே மௌனமாக உட்கார்ந்திருப்பதே ஒரு செய்தி: “உனக்காகத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன்.” சொந்தக் குழந்தையின் பிறந்தநாளை விட்டுவிட்டு அடுத்தவர் குழந்தையின் ஆட்டத்தைப் பார்க்கும் தொழில் இது என்பதைப் பெண் பயிற்சியாளர்கள் சொன்னால் புலம்பல் என்பார்கள், ஆண்கள் சொன்னால் அர்ப்பணிப்பு என்பார்கள்.

இரண்டாவது வேலை வேவு. அடுத்த வாரம் எதிர்த்து ஆடப்போகும் அணியின் பழைய ஆட்டங்களை வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்து, அவர்கள் பந்தை எப்படி நகர்த்துகிறார்கள், எந்தப் பெண் இடது பக்கம் மட்டுமே திரும்புவாள், களைத்துப் போனால் யார் தவறு செய்வார் என்றெல்லாம் குறிப்பெடுக்க வேண்டும். எதிரணிகளை உதவிப் பயிற்சியாளர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பிறகு அந்த எதிரணியைப் போலவே ஆடிக்காட்ட ஒரு பொம்மை அணி. இதில் ஒரு வேடிக்கை: பல பெண்கள் அணிகளில் இந்தப் பொம்மை அணியில் ஆடுபவர்கள் அதே கல்லூரியின் ஆண் மாணவர்கள். சம்பளம் இல்லை, கைதட்டல் இல்லை. பெண்களுக்காக ஆண்கள் பின்னணியில் உழைக்கும் அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று.

மூன்றாவது வேலைதான் ஐவியை ஐவி ஆக்கியது. ஓர் ஆட்டக்காரரைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், அவருடைய கைவேலையைச் செதுக்குவது. சீசனில் ஒரு மாணவிக்கு வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி தரக்கூடாது என்பது அங்குள்ள சட்டம். அந்த 20 மணிக்குள் எல்லாம் அடங்க வேண்டும். ஐவி கவனித்தது கார்டுகளை, அதாவது தான் ஆடிய இடத்தில் ஆடுபவர்களை. ஸ்கைலர் டிகின்ஸ், ஜுவல் லாயிட், ஜாக்கி யங், அரிகே ஒகுன்போவாலே என்று அந்த வரிசை நீளமானது. லாயிட் 2015இலும் யங் 2019இலும் டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டார்கள். 2019இல் நோட்டர் டேமின் முதல் ஐந்து ஆட்டக்காரர்களும் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். அவர்களில் மெரினா மேப்ரி எடுக்கப்பட்டது 19ஆவதாக. 2001இல் ஐவி எடுக்கப்பட்ட அதே எண்.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் பயன் என்ன என்பதற்கு 2017-18 சீசனை உதாரணமாகச் சொல்வேன். அந்த வருடம் நோட்டர் டேமில் நான்கு பேருக்கு, ஒருவர் பின் ஒருவராக, முழங்கால் தசைநார் கிழிந்தது. ஐவிக்குக் கிழிந்த அதே தசைநார். அணியில் ஆடத் தகுந்தவர்களாக மிஞ்சியது ஏழே பேர். பயிற்சியில் ஐந்துக்கு ஐந்து பிரித்து ஆடக்கூட ஆள் போதாது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் 20 வயதுப் பெண்ணிடம் “இது முடிவல்ல” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதை இரண்டு தடவை தாங்கிக்கொண்டு திரும்பி வந்து கோப்பை வாங்கிய ஒருவர் சொல்லும்போது வார்த்தைக்கு எடை வேறு. எந்தப் பயிற்சிப் பட்டயத்திலும் இதற்குப் பாடத்திட்டம் இல்லை.

அந்த நொண்டி அணி அரையிறுதியில் கனெக்டிகட்டைக் கூடுதல் நேரத்தில் 91-89 என்று சாய்த்தது. இறுதி ஆட்டத்தில் மிஸிஸிப்பி ஸ்டேட்டிடம் 15 புள்ளிகள் பின்தங்கியது. பெண்கள் இறுதி ஆட்டத்தில் அதுவரை யாரும் அத்தனை பள்ளத்திலிருந்து ஏறி வந்ததில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒகுன்போவாலே மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் போனபோது கடிகாரத்தில் மிச்சம் வினாடியின் பத்தில் ஒரு பங்கு. 61-58. தேதி 2018 ஏப்ரல் 1. செயின்ட் லூயிஸில் ஐவி ஆட்டக்காரராக வென்று சரியாக 17 வருடம். (அதே ஒகுன்போவாலே அடுத்த வருடம் இறுதி ஆட்டத்தில், 1.9 வினாடி இருக்கும்போது, ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். பேய்லரிடம் 81-82 தோல்வி. விளையாட்டு யாருக்கும் கடன் வைப்பதில்லை.)

இனி அசௌகரியமான விஷயத்துக்கு வருவோம்.

1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் கல்விச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ‘டைட்டில் நைன்’ என்று பெயர். மத்திய அரசின் பணத்தைப் பெறும் கல்வி நிறுவனங்கள் ஆண், பெண் என்று பாரபட்சம் காட்டக்கூடாது என்பதே சாரம். அந்த வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் மிகப் பெரிய மாற்றம் அங்கேதான் நிகழ்ந்தது. பெண்கள் அணிகளுக்கு மைதானம் வந்தது, உதவித்தொகை வந்தது, பஸ்ஸும் விமானமும் வந்தன. பயிற்சியாளர்களுக்கு உருப்படியான சம்பளமும் வந்தது. சம்பளம் வந்ததும் ஆண்கள் வந்தார்கள். 1972இல் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்களே தலைமைப் பயிற்சியாளர்கள். ப்ரூக்ளின் கல்லூரிப் பேராசிரியர்கள் இருவர் பல ஆண்டுகளாக எடுத்துவந்த கணக்கின்படி 2014இல் அது சுமார் 43 சதவீதம். ஆண்கள் அணிகளில் பெண் பயிற்சியாளர்களோ இரண்டு, மூன்று சதவீதத்தைத் தாண்டவில்லை. பெண்களுக்கு நீதி வழங்கிய சட்டம், பெண்களின் கையிலிருந்த வேலையைப் பறித்தது. சட்டம் போட்டவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் சமையல் வீட்டுக்குள் இருந்தவரை பெண்கள் வேலை, ஹோட்டல் வைத்ததும் ஆண்கள் தொழில் ஆன கதைதான் இது.

மஃபெட் மெக்ரா இந்தக் கதையை வாழ்ந்து பார்த்தவர். அவரும் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்து உதவிப் பயிற்சியாளர் ஆனவர்தான். 1978 முதல் 1981 வரை மூன்றே வருடம் உயிரோடு இருந்த பெண்கள் லீகில் கலிஃபோர்னியா ட்ரீம்ஸ் அணிக்கு ஆடிவிட்டு, தான் படித்த செயின்ட் ஜோசஃப்ஸ் கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1987இல் நோட்டர் டேமுக்கு வந்தார். அவரிடமும் ஆண் உதவியாளர் இருந்ததுண்டு. 2012இல் கடைசி ஆண் உதவியாளர் வேறு கல்லூரிக்குத் தலைமைப் பொறுப்பேற்கப் போனபின், பெண்களை மட்டுமே வைத்துக்கொண்டார். இனி ஆண்களை எடுக்கப்போவதில்லை என்று 2019இல் பேட்டியும் கொடுத்தார். அந்த ஏப்ரலில் டாம்பா நகரில் அரையிறுதிக்கு முன் நிருபர்கள் இதைப் பற்றிக் கேட்டபோது பொரிந்து தள்ளிவிட்டார். ஆண்கள் கூடைப்பந்தின் வேலைகளில் 99 சதவீதம் ஆண்களுக்கே போகும்போது, பெண்கள் கூடைப்பந்தின் வேலைகள் ஏன் அதே அளவுக்குப் பெண்களுக்குப் போகக்கூடாது என்பது அவர் கேள்வி. அதிகாரத்தில் இருக்கும் பெண்ணைப் பார்க்காமல் வளரும் சிறுமிக்கு அந்த ஆசை எங்கிருந்து வரும் என்றும் கேட்டார்.

எதிர்வாதம் உடனே வந்தது. திறமைக்கு ஆண் என்ன, பெண் என்ன? பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அதிகக் கோப்பைகள் வென்ற பயிற்சியாளரே ஓர் ஆண் அல்லவா? உண்மை. கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியம்மா 2025 வரை 12 தேசியக் கோப்பைகள் வென்றவர். அவர் திறமையை மறுப்பவர் யாருமில்லை. ஆனால் அவர் பக்கத்து நாற்காலியில் 1985 முதல் உட்கார்ந்திருக்கும் கிறிஸ் டெய்லி என்ற பெண்ணை இந்த வாதக்காரர்கள் கவனிப்பதில்லை. தவிர, திறமைதான் அளவுகோல் என்றால் அது இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ஆண்கள் அணிக்கு ஆள் எடுக்கும்போது வெளியே வராத தராசு, பெண்கள் அணிக்கு எடுக்கும்போது மட்டும் வெளியே வருகிறது. என் ஓட்டு மெக்ராவுக்கு.

தலைமைப் பதவிகளைப் பற்றித்தான் இந்தச் சண்டை என்று எல்லோரும் நினைத்தார்கள். மெக்ரா கை வைத்தது அங்கே அல்ல. ஒரு பல்கலைக்கழகம் தலைமைப் பயிற்சியாளரைத் தேடும்போது “அனுபவம் உள்ள பெண் கிடைக்கவில்லை” என்பார்கள். அனுபவம் வானத்திலிருந்து விழுவதில்லை. டான் ஸ்டேலி போல ஒருவர், லீகில் ஆடிக்கொண்டிருக்கும்போதே 2000இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக நேரே அமர்ந்துவிடலாம். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பெயர் அவருக்கு இருந்தது. மற்றவர்கள் படிப்படியாகத்தான் வர வேண்டும். முதல் படி உதவியாளர் நாற்காலி.

ஐவி 2019இல் நோட்டர் டேமை விட்டு ஆண்களின் என்.பி.ஏ. லீகில் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகப் போனார். ஆண்கள் அணியில் ஒரு பெண் என்பதால் அந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்தது. 12 வருடம் பெண்களுக்குச் சொல்லித்தந்தது வராத அளவுக்கு. ஒரே சீசன். 2020 ஏப்ரலில் மெக்ரா ஓய்வு பெற, அதே நாளில் ஐவி தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். அந்த அணிக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினப் பெண். முதல் வருடங்கள் சுலபமாக இல்லை. 2024இல் அட்லான்டிக் கோஸ்ட் பிரிவின் கோப்பை வந்தது. இடையில் 2022இல் மகன் ஜேடன் ஐவியை, அம்மா கடைசியாக ஆடிய வருடத்தில் இருந்த ஊரான டெட்ராய்ட்டின் என்.பி.ஏ. அணி, தேர்வில் ஐந்தாவதாக எடுத்தது. மகன் ஆடிய கல்லூரி? பர்டூ. 2001இல் அம்மாவின் அணி தோற்கடித்த அதே பர்டூ!

2020இல் பொறுப்பேற்ற ஐவி முதலில் தேடிப் பிடித்த உதவியாளர்களில் ஒருவர் கோக்வீஸ் வாஷிங்டன். பென் ஸ்டேட்டில் 12 வருடம் தலைமைப் பதவியில் இருந்தவர், பழைய மாணவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 2022இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. பின்னர் ஐவியின் பெஞ்சுக்கு வந்தவர்களில் ஷரெல் ஆலன் இருக்கிறார். 2007இல் ஐவி உதவிப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தபோது நோட்டர் டேமில் கடைசி வருடம் ஆடிக்கொண்டிருந்த பெண். 2008இல் சேக்ரமென்டோ மோனார்க்ஸ் அவரை எடுத்தது. அந்த அணியும் அடுத்த வருடமே மூடப்பட்டது.